ராபர்ட் ஜான்சன் யாராக ஆசைப்பட்டார்?

கேள்வி, பிப்ரவரி 8

ப்ளூஸ் (அமெரிக்கக் கறுப்பர்களின் பாட்டு வகை) இப்போதுதான் கேட்க ஆரம்பித்திருக்கிறேன். யாரைக் கேட்டாலும் ராபர்ட் ஜான்சனிலிருந்து தொடங்கு என்கிறார்கள். நாற்சந்தியில் நடுராத்திரி சாத்தானிடம் ஆன்மாவை விற்று கிடார் கற்றவர், 27 வயதில் செத்தவர், இன்று கேட்கிற கிடார் சோலோ எல்லாம் அவர் போட்ட விதை என்கிறார்கள். சரிதானா? அவருக்கு முன்னால் யாருமே இல்லையா?

பிப்ரவரி 8, இரவு

உண்டு. லானி ஜான்சன். நீங்கள் கேள்வி போட்டிருக்கும் தேதிதான் அவருடைய பிறந்தநாள். வருடத்தில்தான் தகராறு: சில புத்தகங்களில் 1894, சிலவற்றில் 1899. ஊர் நியூ ஆர்லியன்ஸ். பெயர் ஒன்றாக இருந்தாலும் ராபர்ட்டுக்கும் இவருக்கும் உறவு இல்லை.

ராபர்ட் ஜான்சன் பெரிய ஆள், அதில் சண்டை இல்லை. ஆனால் சோலோவை அவர் கணக்கில் எழுத முடியாது. அவர் பதிவு செய்தது 29 பாட்டு. அதில் பாடகர் வாயை மூடிக்கொண்டு கிடாரைத் தனியாகப் பேசவிடுகிற இடம், சோலோ என்று துணிந்து சொல்லத்தக்கது, ‘கைண்ட் ஹார்ட்டட் வுமன் ப்ளூஸ்’ பாட்டில் ஒன்றே ஒன்றுதான். அது 1936 நவம்பர். லானி அதற்கு ஒன்பது வருடம் முன்பே ஜாஸ் ட்ரம்பெட் மேதை லூயி ஆம்ஸ்ட்ராங் பக்கத்தில் உட்கார்ந்து சோலோ வாசித்து முடித்துவிட்டார்.

தூக்கம் வருகிறது. மிச்சம் நாளை.

பிப்ரவரி 9

பெரிய குடும்பம். அப்பா வைத்திருந்த தந்தி வாத்தியக் குழுவில் பிள்ளைகளும் வாசித்தார்கள். லானி கைக்கு முதலில் வந்தது வயலின், கிடார் அப்புறம். கல்யாணம், விருந்து, தெருமுனை, எங்கே கூப்பிட்டாலும் போய் வாசிக்கிற குழு. 1917-ல் ஒரு மேடை நிகழ்ச்சிக் குழுவோடு லண்டன் போனார். 1919-ல் திரும்பி வந்து பார்த்தால் வீட்டில் ஆளில்லை. 1918 இன்ஃப்ளூயன்சா கொள்ளைநோய் குடும்பத்தை வாரிக்கொண்டு போயிருந்தது. மிஞ்சியது ஜேம்ஸ் என்ற சகோதரர் ஒருவர்தான்.

சோகக்கதை இல்லாமல் ப்ளூஸ் கேட்க மாட்டேன் என்பவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் இதை வைத்து யாரும் போஸ்டர் அடிக்கவில்லை. சாத்தான் வரவில்லை அல்லவா.

அண்ணனும் தம்பியும் செயின்ட் லூயிஸ் நகரத்துக்கு இடம் மாறினார்கள். மிசிசிப்பி ஆற்றில் ஓடிய நீராவிப் படகுகளில் நடன இசைக்குழுக்கள் உண்டு; ஃபேட் மாரபிள், சார்லி க்ரீத் இருவரும் நடத்தியவை பேர்போனவை. அங்கெல்லாம் லானி வாசித்தார். படகில் ஏறும் கூட்டம் ஆட வந்த கூட்டம். தாளம் தப்பினால் காலில் தெரிந்துவிடும்.

1925-ல் செயின்ட் லூயிஸ் புக்கர் டி. வாஷிங்டன் தியேட்டரில் பல வாரம் நடந்த ஒரு ப்ளூஸ் போட்டி. ஜெயித்தவருக்கு ஓகே ரெக்கார்டு கம்பெனியில் ஒப்பந்தம். ஜெயித்தது லானி. பின்னாளில் இதைப் பற்றிக் கேட்டபோது அவர் சொன்னதன் சாரம்: ரெக்கார்டு போட வேண்டும் என்பதற்காக எதுவும் பாடியிருப்பேன், அது ப்ளூஸ் போட்டியாக அமைந்தது, அதனால் ப்ளூஸ் பாடினேன்.

ரசிகர்களுக்குப் பிடிக்காத பதில். எனக்கு அவர் பிடித்துப்போனதே இந்தப் பதிலால்தான். நான் கொஞ்ச காலம் மெல்லிசைக் குழுவில் கிடார் வாசித்தவன். கல்யாண வரவேற்பில் மாப்பிள்ளையின் தாய்மாமா சீட்டு எழுதி அனுப்புவார், அதை வாசிப்போம். உனக்கு என்ன பாணி பிடிக்கும் என்று யாரும் கேட்டதில்லை. அதில் இருப்பதும் சங்கீதம்தான்.

பிப்ரவரி 9, பிற்பகல்

சாத்தான் கதையைப் பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். அதற்குள் போனால் இழை அங்கேயே உட்கார்ந்துவிடும். ஒன்று மட்டும்: நாற்சந்தியில் ஒரு கறுத்த பெரிய மனிதர் வந்து கிடாரை வாங்கி சுருதி சேர்த்துக் கொடுத்த கதையைச் சொன்னவர் லெடெல் ஜான்சன், சொன்னது தன் சகோதரர் டாமி ஜான்சனைப் பற்றி. ராபர்ட் மேல் அது பிறகு ஒட்டிக்கொண்டது. ஆக இந்த இழையில் இதுவரை ஐந்து ஜான்சன்கள். இன்னும் வருவார்கள், தயாராக இருங்கள்.

பிப்ரவரி 11

ஆம்ஸ்ட்ராங் விஷயத்துக்கு வருகிறேன். 1927 டிசம்பர், சிகாகோ. ஆம்ஸ்ட்ராங்கின் ஹாட் ஃபைவ் குழுவோடு லானி விருந்தாளியாகச் சேர்ந்து சில பாட்டுகள் வாசித்தார். அதில் ‘ஹாட்டர் தேன் தட்’ ஒன்றை மட்டும் இன்றைக்கு ராத்திரி கேளுங்கள். பாதிக்கு மேல் ஓர் இடத்தில் மற்ற வாத்தியங்கள் நின்றுவிடும். ஆம்ஸ்ட்ராங் வார்த்தையில்லாமல் குரலால் ஒரு துண்டு வீசுவார், லானி கிடாரில் பதில் கொடுப்பார். அவர் இன்னொன்று, இவர் இன்னொன்று. உலகத்தில் அந்த நேரத்தில் ஆம்ஸ்ட்ராங்குக்கு எதிரில் நிற்கிற தைரியம் எத்தனை பேருக்கு இருந்திருக்கும்? லானி நிற்கிறார். அவசரமும் இல்லை, நடுக்கமும் இல்லை.

அதற்கு முன் ஜாஸ் பதிவுகளில் கிடாருக்குப் பெரிதாக இடம் கிடையாது என்பதை மறந்துவிடக் கூடாது. பாஞ்சோதான். காரணம் சங்கீதத்தைவிட சத்தம். 1920-களின் பாதி வரைக்கும் ஒலிப்பதிவு என்றால் பெரிய தகரப் புனலுக்கு முன்னால் நின்று வாசிக்க வேண்டும், அந்த அதிர்வே ஊசியைத் தள்ளி மெழுகில் கீறும். ட்ரம்பெட்டும் பாஞ்சோவும் புனலுக்குள் போய்ச் சேரும், கிடார் வாசலிலேயே நின்றுவிடும். மைக் வந்து மின்சாரப் பதிவு தொடங்கியதும் கிடாருக்கு முதல் தடவையாகக் காது கிடைத்தது. லானி நல்ல நேரத்தில் கதவருகே நின்றிருந்தார். நின்றவர்கள் பலர், உள்ளே போய் என்ன சொல்வது என்று தெரிந்தவர் இவர்.

அதே 1927-ல், நவம்பரில், ஜான் எர்பி என்ற பியானோக்காரரோடு ‘6/88 கிளைட்’ என்று ஒன்று போட்டிருக்கிறார். பிக்கை (தந்தியை மீட்டும் சின்னத் தகடு) வைத்து ஒற்றைத் தந்தியில் ஓடும் கிடார் சோலோ. தலைப்பில் 6 கிடாரின் தந்தி, 88 பியானோவின் கட்டை. இதுதான் உலகின் முதல் பிக் சோலோ என்று அடித்துச் சொல்பவர்கள் உண்டு. ‘முதல்’ பட்டம் கொடுப்பதில் எனக்கு ஆர்வம் இல்லை, நாளைக்கே யாராவது பழைய இசைத்தட்டு ஒன்றைப் பரணிலிருந்து எடுத்து வருவார்கள். கேட்டுப் பாருங்கள், போதும்.

பிப்ரவரி 12

‘ஹாட்டர் தேன் தட்’ கேட்டேன், ஆனால் கிடார் ஏன் இரண்டு பேர் வாசிப்பது போலக் கேட்கிறது என்கிறார் கேள்வி கேட்டவர். நல்ல காது தம்பிக்கு. அந்தக் காலப் பதிவுகளில் லானி இரட்டைத் தந்தி பூட்டிய கிடாரைப் பயன்படுத்தினார், 12 தந்திக் கிடார் வகை. அந்த மினுமினுப்பு அதிலிருந்து வருவது.

இரண்டு பேர் வாசிப்பது வேண்டுமென்றால் அதுவும் இருக்கிறது. எடி லாங். பிறந்தபோது வைத்த பெயர் சால்வடோர் மசாரோ, ஃபிலடெல்ஃபியா இத்தாலியக் குடும்பம், வெள்ளைக்காரர், அன்றைய நியூ யார்க் ஸ்டுடியோக்களில் எல்லாருக்கும் வேண்டிய கிடார்க்காரர். 1928, 1929 இரண்டு வருடத்தில் லானியும் அவரும் சேர்ந்து கிடார் இரட்டைப் பதிவுகள் போட்டார்கள். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே தட்டில் என்று லேபிளில் அச்சடிக்க முடியாத நாடு அது. அதனால் எடி லாங் ‘பிளைண்ட் வில்லி டன்’ ஆனார். கண் நன்றாகத் தெரிகிற இத்தாலியருக்கு, பார்வையற்ற கறுப்பு ப்ளூஸ்காரர் மாதிரி ஒரு பெயர்! வழக்கமாக வேஷம் போட வேண்டியிருந்தது கறுப்பர்களுக்கு. இங்கே தலைகீழ்.

பெரும்பாலும் லாங் கீழே கார்டுகளை (chord, பல சுரம் சேர்ந்து ஒலிப்பது) கட்டிப் போடுவார், லானி மேலே திரிவார். லாங் பதிலே எதிர்பார்க்காத தாராளக்காரர். 1933-ல் தொண்டைச் சதை அறுவை சிகிச்சைக்குப் பின் 30 வயதில் இறந்துபோனார்.

பிப்ரவரி 12, சற்று நேரம் கழித்து

எல்லிங்டனைச் சொல்ல மறந்தேன். 1928 அக்டோபரில் ஜாஸ் பியானோக்காரர் டியூக் எல்லிங்டன் குழுவோடும் பதிவு, ‘தி மூச்’ அதில் ஒன்று. ஒரு வருட இடைவெளிக்குள் ஆம்ஸ்ட்ராங், எல்லிங்டன், லாங். இதற்கு நடுவில் சொந்தப் பெயரில் ப்ளூஸ் தட்டுகள். 1925-லிருந்து 1932 வரைக்கும் ஓகேவுக்கு ஏறத்தாழ 130 பதிவுகள்.

பிப்ரவரி 15

வாசிப்பவர்களுக்கு மட்டும். மற்றவர்கள் தாண்டிப் போகலாம்.

லானி ஓகே காலத்தில் அடிக்கடி வைத்த சுருதி, கீழிருந்து மேலே: டி, ஜி, டி, ஜி, பி, இ. சாதாரண சுருதியிலிருந்து கீழ் இரண்டு தந்தியை மட்டும் இறக்க வேண்டும். மேல் நான்கும் நமக்குப் பழகிய இடத்திலேயே இருக்கும் என்பதால் சோலோவுக்கு விரல் குழம்பாது, கீழே மட்டும் கனமான தரை கிடைக்கும்.

அதைச் செய்துவிட்டு அவர் பதிவோடு சேர்ந்து வாசித்துப் பார்த்தேன். சுரங்களைப் பிடிப்பது அவ்வளவு கஷ்டம் இல்லை. சுரத்தைப் பிடித்த பிறகு இடது கை விரல் செய்வதுதான் வரமாட்டேன் என்கிறது. ஒவ்வொரு நீண்ட சுரத்தின் கடைசியிலும் ஓர் ஆட்டம், குரல் மாதிரி. சின்ன வயதில் எனக்கு வயலின் சொல்லிக்கொடுத்தார்கள், ஓடி வந்துவிட்டேன்; ஆனாலும் அந்த ஆட்டம் எங்கிருந்து வருகிறது என்று என் விரலுக்குத் தெரிகிறது. வயலினில் ஃப்ரெட் (கிடார் கழுத்தில் இருக்கும் குறுக்குக் கம்பி) கிடையாது. சுரத்தை உயிரோடு வைத்திருப்பது விரலின் வேலை. அந்தப் பழக்கத்தை அவர் ஃப்ரெட் உள்ள வாத்தியத்துக்குக் கொண்டுபோயிருக்கிறார். ப்ளூஸ் கிடார்க்காரர் பி.பி. கிங் சுரத்தை ஆட்டும்போது படபடக்கும் பட்டாம்பூச்சிக் கையை வீடியோவில் பார்த்திருப்பீர்கள். அதைப் பார்த்துவிட்டு மறுபடி லானியைக் கேளுங்கள்.

யாரோ ஒருவர் வந்து ‘இது நம் கமகம்தானே’ என்று எழுதப்போகிறார். வேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன்.

பிப்ரவரி 15, இரவு

எழுதிவிட்டார்கள்.

பிப்ரவரி 16

லானியை இவ்வளவு தூக்கிப் பிடிக்கிறீர்களே, குறையே கிடையாதா என்று ஒரு கேள்வி. தாராளமாக உண்டு. அவருடைய ப்ளூஸ் பதிவுகளைத் தொடர்ந்து பத்து கேளுங்கள். பாதிக்கு மேல் ஒரே முகப்பு. அதே இறங்குவரிசை, அதே திருப்பம், பிறகு பாட்டு. ஒரு கட்டத்தில் ‘ஐயா, புரிகிறது, உள்ளே வாங்க’ என்று சொல்லத் தோன்றும்.

இரண்டாவதாக யோசித்தால் அதிலும் நியாயம் இருக்கிறது. அந்தத் தட்டுகள் தனித்தனியாக விற்றவை. செயின்ட் லூயிஸிலோ மெம்ஃபிஸிலோ ஒருவர் மாதம் ஒரு தட்டு வாங்கினால், முதல் நான்கு சுரத்தில் ‘இது லானி’ என்று தெரிய வேண்டும். முகப்புதான் அவர் கையெழுத்து. எல்லாவற்றையும் ஒரே இரவில் செல்போனில் கேட்கப்போகிறோம் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

பாடல் வரிகளிலும் பெண்களைத் திட்டும் பாட்டு கொஞ்சம் அதிகம். அதற்கு நியாயம் தேட மாட்டேன்.

ஆனால் வரிகள் என்றால் 1928-ன் ‘ப்ரோக்கன் லெவி ப்ளூஸ்’ இருக்கிறது. 1927-ல் மிசிசிப்பி ஆறு கரை உடைத்துப் பெருவெள்ளம் வந்தபோது, கறுப்பர்களைத் துப்பாக்கி முனையில் நிறுத்தி கரைக்கு மணல்மூட்டை சுமக்க வைத்தார்கள். வெள்ளத்தைப் பற்றி அப்போது நிறையப் பேர் பாடினார்கள். பெரும்பாலும் வீடு போச்சு, மாடு போச்சு என்ற புலம்பல். லானி பாடும் ஆள் மூட்டை தூக்க மாட்டேன் என்று மறுத்துச் சிறைக்குப் போகிறான். குரலை உயர்த்தாமல், ஏதோ வானிலை சொல்வது மாதிரி பாடியிருப்பார்.

பிப்ரவரி 20

டெக்ஸஸ் அலெக்சாண்டர் பற்றிச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். வயலில் வேலை செய்கிறவர்கள் போடும் நீளக் கூவலை அப்படியே ஸ்டுடியோவுக்குக் கொண்டுவந்த பாடகர். வாத்தியம் எதுவும் வாசிக்கத் தெரியாது. தாளக்கட்டு என்பது அவருக்கு மற்றவர்கள் வைத்திருக்கும் சமாச்சாரம். மூச்சு இருக்கும் வரை இழுப்பார், தோன்றும்போது அடுத்த அடிக்குத் தாவுவார். ஓகே கம்பெனி அவருக்குப் பக்கவாத்தியமாக லானியை உட்கார வைத்தது. அந்த ஆளோடு வாசிப்பது எவ்வளவு பாடு என்று லானி பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

பதிவைக் கேட்டால் பாடு தெரியாது. அலெக்சாண்டர் எங்கே போகிறாரோ அங்கே ஒரு கார்டு ஏற்கெனவே போய்க் காத்திருக்கும். அவர் நீட்டினால் லானி நடுவில் சின்னச் சின்ன ஓட்டங்களை நிரப்பி, இது திட்டமிட்டதுதான் என்பது போல ஆக்கிவிடுவார். என் மெல்லிசைக் குழு நாட்களில் சுருதியை விட்டு வெளியூர் போகும் பாடகர்களுக்கு வாசித்திருக்கிறேன். நாங்கள் செய்ததெல்லாம் ஒருவரையொருவர் பார்த்து முறைத்துக்கொண்டதுதான்.

ஆம்ஸ்ட்ராங்கோடு வாசித்த சோலோவைவிட இந்தப் பக்கவாத்தியம்தான் பெரிய வித்தை என்று இன்றைக்குத் தோன்றுகிறது. பதினொன்றாம் தேதி எழுதியதை அழிக்கவில்லை. இரண்டும் இருக்கட்டும்.

பிப்ரவரி 23

1929-க்குப் பின் பொருளாதார வீழ்ச்சி. அமெரிக்காவில் 1927-ல் சுமார் 10 கோடி இசைத்தட்டு விற்றது, 1932-ல் அது 60 லட்சத்துக்கு வந்துவிட்டது. ஓகே ஒப்பந்தமும் முடிந்தது. லானி க்ளீவ்லாந்து பக்கம் போனார், பிழைப்புக்கு ஆலை வேலையும் பார்த்தார், இடையில் கிடைத்த மேடைகளில் வாசித்தார். 1937-ல் சிகாகோ. டெக்கா கம்பெனிக்குக் கொஞ்சம், 1939-லிருந்து ப்ளூபேர்டுக்கு நிறைய.

அடுத்தது சின்சினாட்டியில் கிங் ரெக்கார்ட்ஸ். 1948-ல் ‘டுமாரோ நைட்’ வெளிவந்தது. இது ப்ளூஸே கிடையாது. 1939-ல் வந்த ஒரு மெல்லிய காதல் பாட்டு. லானி அதை எடுத்துப் பாட, கறுப்பர் இசைத் தரவரிசையில் ஏழு வாரம் முதலிடம். அவர் வாழ்நாளின் பெரிய வெற்றி அதுதான். 1954-ல் எல்விஸ் பிரெஸ்லி சன் ஸ்டுடியோவில் அதே பாட்டைப் பதிவு செய்தார்; வெளியானது 1965-ல்.

அதாவது, ப்ளூஸ் போட்டியில் ஜெயித்து உள்ளே வந்த மனிதர் காதல் பாட்டில் உச்சிக்குப் போனார். இதைக் கேட்டு எரிச்சல்படும் ப்ளூஸ் ரசிகர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். ஏதோ வீட்டுப் பிள்ளை ஓடிப்போனது மாதிரி பேசுவார்கள்.

பிப்ரவரி 24

ஜோக்காக ஒன்று. 1952-ல் லானி லண்டனில் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் வாசித்தார். அதே நிகழ்ச்சியில் ஆன்டனி டொனிகன் என்ற இளைஞரும் வாசித்தார். அவர் லானியின் ரசிகர், தன் பெயரையே லானி டொனிகன் என்று மாற்றிக்கொண்டவர். சில வருடத்தில் இந்த டொனிகன் ஸ்கிஃபிள் என்ற மலிவு வாத்திய இசையை வைத்து பிரிட்டனையே பைத்தியமாக்கினார். அந்தப் பைத்தியம் பிடித்து லிவர்பூலில் ஒரு பள்ளிக்கூடப் பையன் குழு ஆரம்பித்தான், பெயர் ஜான் லெனன். லானியின் பெயர் அவருக்கு முன்னாலேயே பீட்டில்ஸ் வீட்டு வாசலுக்குப் போய்விட்டது. பெயருக்கு ராயல்டி கிடையாது என்பதுதான் கஷ்டம்.

மார்ச் 2

1959. ஃபிலடெல்ஃபியாவில் கிறிஸ் ஆல்பர்ட்சன் என்ற வானொலிக்காரர் லானியின் பழைய தட்டு ஒன்றை ஒலிபரப்பிவிட்டு, இவர் எங்கே இருக்கிறார், யாருக்காவது தெரியுமா என்று கேட்டார். பதில் அதே ஊரில் இருந்தது. பெஞ்சமின் ஃபிராங்க்ளின் ஹோட்டலில் துப்புரவுப் பணியாளராக வேலை பார்த்துக்கொண்டிருந்தார். தேடியவர்களுக்கு உதவிய எல்மர் ஸ்னோடன், எல்லிங்டன் கைக்கு வந்த குழுவை அதற்கு முன்னால் நடத்தியவர். அவர் அப்போது வண்டி நிறுத்துமிடத்தில் வேலையில் இருந்தார்.

1960-ல் இருவரையும் சேர்த்து ஒரு தட்டு வெளியானது, தலைப்பு ‘ப்ளூஸ் அண்ட் பேலட்ஸ்’. பேலட் என்றால் மெல்லிய காதல் பாட்டு. இரண்டையும் பாடுவேன் என்று அட்டையிலேயே போட்டுவிட்டார்கள்.

இப்போது இதைக் கவனியுங்கள். 1961-ல் கொலம்பியா கம்பெனி ராபர்ட் ஜான்சனின் பாட்டுகளைத் தொகுத்து ஒரு நீள்தட்டு வெளியிட்டது. செத்து 23 வருடம் ஆன மனிதர் ஒரே அடியில் கடவுளானார். அதே 1961-ல், அதே நியூ யார்க்கில், கெர்டீஸ் ஃபோக் சிட்டி மேடையில் லானி ஜான்சன் உயிரோடு, கோட்டும் டையும் போட்டுக்கொண்டு, எலெக்ட்ரிக் கிடாரோடு உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தார்.

ராபர்ட் யாராக ஆசைப்பட்டார் தெரியுமா? 1937 ஜூனில் டல்லஸில் அவர் பதிவு செய்த ‘மால்ட்டட் மில்க்’, ‘ட்ரங்கன் ஹார்ட்டட் மேன்’ இரண்டையும் கேட்டுவிட்டு லானியைக் கேளுங்கள். குரலைத் தாழ்த்துவது, வார்த்தையை மெல்ல விடுவது, கிடார் ஓட்டம், எல்லாம் லானி. ராபர்ட்டோடு ஊர் சுற்றிய ஜானி ஷைன்ஸ் சொன்னது: லானி மேல் அவ்வளவு மயக்கம், அவருக்கு உறவு என்று மக்கள் நினைக்கும்படி ராபர்ட் பேசித் திரிவாராம்.

சாத்தானிடம் போனாரோ இல்லையோ, ரெக்கார்டு கடைக்குப் போயிருக்கிறார்.

மார்ச் 3

“நகரத்து மனிதர், ஜாஸ் வாசித்தவர், காதல் பாட்டு பாடியவர். இவரை அசல் ப்ளூஸ்காரர் என்று எப்படிச் சொல்வது?” கோபமான பதிவு. பதில் சொல்கிறேன், நானும் கொஞ்சம் கோபமாக.

1963, 64-ல் வெள்ளை இளைஞர்கள் காரை எடுத்துக்கொண்டு பழைய ப்ளூஸ்காரர்களைத் தேடிப் போனார்கள். அவலான் என்ற கிராமத்தில் ஜான் ஹர்ட்டைக் கண்டுபிடித்தார்கள், மருத்துவமனைப் படுக்கையில் ஸ்கிப் ஜேம்ஸை, ராசெஸ்டர் நகரத்தில் சன் ஹவுஸை. அருமையான காரியம், அந்தப் பையன்களுக்கு நான் கடன்பட்டவன். ஆனால் அவர்கள் தேடியது ஒரு குறிப்பிட்ட உருவம்: கிராமம், வறுமை, முரட்டுக் குரல், வெளியுலகம் தெரியாத தனிமை. சன் ஹவுஸ் யாருடைய தட்டையும் கேட்டே இருக்காதவர் போல நினைத்துக்கொண்டார்கள். லானி அந்தச் சட்டகத்துக்குள் அடங்கவில்லை. சுத்தமான உச்சரிப்பு. நல்ல சட்டை. ‘பழைய ப்ளூஸ் பாடுங்கள்’ என்றால் ஒன்று பாடிவிட்டு அடுத்தது ஒரு பேலட்.

மிசிசிப்பி டெல்டாவின் பருத்திக்காட்டில் இருந்தவர்கள் 1920-களில் என்ன கேட்டார்கள்? லானியின் தட்டைக் கேட்டார்கள். காசு கொடுத்து வாங்கிக் கேட்டார்கள். அசல் என்று நீங்கள் கும்பிடுகிறவர்கள், நீங்கள் தள்ளிவைக்கிறவரை உட்கார்ந்து படித்தவர்கள்.

மார்ச் 3, இரவு

சூடு ஆறிய பிறகு படித்தேன். ஒன்று சேர்க்க வேண்டும். லானியைத் தூக்குவதற்காக ராபர்ட்டை நகல் என்று சுருக்கிவிடக் கூடாது. லானியால் செய்ய முடியாத ஒன்றை ராபர்ட் செய்தார். கட்டைவிரலில் பியானோவின் இடது கையைக் கொண்டுவந்து, அதன் மேலேயே பாட்டும் பதிலும் வைத்து, ஓர் ஆள் ஒரு குழுவாக ஒலிப்பது. பயமுறுத்தும் வேகம் வேறு. அந்த அவசரம் லானியிடம் கிடையாது, அவருக்கு அது தேவையும் இல்லை.

மார்ச் 9

சரி, செல்வாக்கு. கேள்வியே அதுதான், சுற்றிச் சுற்றி வந்துவிட்டேன்.

பி.பி. கிங் சின்னப் பையனாக மிசிசிப்பியில் அத்தை வீட்டு கிராமஃபோனில் கேட்ட இரண்டு பேரைக் கடைசி வரை விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார்: பிளைண்ட் லெமன் ஜெஃபர்சன், லானி ஜான்சன். லெமனிடமிருந்து டெக்ஸஸ் வழியாக இன்னொரு கோடும் போகிறது, அவரைக் கைப்பிடித்து டல்லஸ் தெருக்களில் கூட்டிப்போன சிறுவன்தான் பின்னாளில் கிடார்க்காரரான டி-போன் வாக்கர். அவரும் பி.பி.க்கு ஆசான். பி.பி.யிடமிருந்து பட்டி கை (Buddy Guy), எரிக் கிளாப்டன் என்று பட்டியல் போட ஆரம்பித்தால் ராக் கிடார் முழுக்க வந்துவிடும். ஒற்றைத் தந்தியில், ஆட்டத்தோடு, பாடகன் மாதிரி மூச்சு விட்டு வாசிக்கும் சோலோ எங்கே கேட்டாலும் அதற்குள் அந்த நியூ ஆர்லியன்ஸ் வயலின் இருக்கிறது.

பாடகர் பாப் டிலன் வேறு ஒரு சாட்சி. 1960-களின் தொடக்கத்தில் லானி தனக்கு ஒரு வாசிப்பு முறையைக் காட்டித் தந்ததாகவும், அது இரட்டைப்படையை விட்டு ஒற்றைப்படை எண்களை வைத்துக் கட்டியது என்றும் தன் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். அதைப் புரிந்துகொள்ள உலகம் முழுக்க கிடார்க்காரர்கள் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். நானும் உடைத்துக்கொண்டேன். டிலன் விளையாடுகிறார் என்று சந்தேகம், ஆனால் லானியின் சொற்றொடர்கள் பாதி இடத்தில் எதிர்பாராத அடியில் முடிவது உண்மை.

மார்ச் 9, இரவு

கடைசிக் காலம் என்ன ஆயிற்று என்று கேட்கிறார்கள். 1965-ல் டொரொன்டோவில் வரவேற்பு நன்றாக இருந்ததால் அங்கேயே தங்கிவிட்டார். அடுத்த வருடம் யார்க்வில் பகுதியில் ஒரு கிளப்பும் தொடங்கிப் பார்த்தார், வியாபாரம் கைகொடுக்கவில்லை. 1969 மார்ச்சில் நடைபாதையில் நின்றுகொண்டிருந்தபோது ஒரு கார் ஏறி மோதியது. அதன்பின் பக்கவாதமும் வந்தது. 1970 பிப்ரவரியில் மாஸே ஹாலில் கிடார்க்காரர் பட்டி கை அவர்களோடு மேடையேறி இரண்டு பாட்டு பாடினார், அரங்கமே எழுந்து நின்றது. ஜூன் 16 இறந்தார். அந்த ஊர்க்காரர்கள் அவரைக் கடைசியில் நன்றாகத்தான் வைத்துக்கொண்டார்கள்.

மார்ச் 10

எங்கிருந்து தொடங்குவது? ‘ஹாட்டர் தேன் தட்’ முடித்தாயிற்று. அடுத்து லாங்கோடு போட்ட ‘ஹேண்ட்ஃபுல் ஆஃப் ரிஃப்ஸ்’, அடுத்து ‘ப்ரோக்கன் லெவி’, அதற்கப்புறம் ‘டுமாரோ நைட்’. கடைசியாக ராபர்ட்டின் ‘மால்ட்டட் மில்க்’. இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

மார்ச் 10, சற்று முன்

கேள்வி கேட்ட தம்பி சுருதி மாற்றிப் பார்க்கப் போகிறாராம், தந்தி அறுந்துவிடுமா என்று பயம். ஆறாவதை இ-யிலிருந்து டி-க்கு, ஐந்தாவதை ஏ-யிலிருந்து ஜி-க்கு. இரண்டும் தளர்த்துவதுதான், அறுக்காது. திரும்ப முறுக்கும்போது மட்டும் மெதுவாகத் திருகுங்கள். பழைய தந்தி என்றால் முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு.